சிங்கப்பூர் – நியூயார்க்: 15,300 கி.மீ.யா, 16,500 கி.மீ.யா? எத்தனை மணி நேரம்னுதான் சொல்லுங்களேன்

#1 – ஜன்னல்சீட்டு

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவை சிங்கப்பூர்ல இருந்து நியூயார்க்ல இருக்கிற அக்கா வீட்டுக்கு அனுப்பப் போறோம். அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயசு, தனியாத்தான் போறாங்க. "எவ்ளோ தூரம், எவ்ளோ நேரம்"னு சாதாரணமா ஒரு கேள்வி கேட்டாங்க. பதில் தேடப் போய் எனக்கே தலை சுத்துது.

தூரம் காட்டுற தளம் 15,340 கி.மீ.ங்குது. விமானத்தைப் பின்தொடர்ற செயலியில ஒருநாள் பார்த்தா 16,500-க்கு மேல பறந்திருக்கு. அந்தத் தளத்திலேயே "பறக்கும் நேரம் 17 மணி"ன்னு போட்டிருக்கு, டிக்கெட்ல 18 மணி 40 நிமிஷம். புறப்படுற நேரத்தையும் இறங்குற நேரத்தையும் கழிச்சா கிட்டத்தட்ட ஆறேமுக்கால் மணி நேரம்தான் வருது!

இதுல எதை அம்மாகிட்ட சொல்றது? ஃபிராங்ஃபர்ட் வழியா போனா ரொம்பச் சுத்தா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 – சும்மாவந்தேன்

கணக்குப்புலி வர்ற நேரம்தான். இடம் பிடிச்சு உக்காந்தாச்சு.

#3 – கணக்குப்புலி

வந்துட்டேன்.

முதலில் தூரம். ஜன்னல்சீட்டு கேட்ட ஜோடி ரொம்ப விசேஷமானது, மனக்கணக்காகவே போட்டுவிடலாம். சாங்கி விமான நிலையம் கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகை. நியூயார்க் ஜேஎஃப்கே மேற்கே 73.8 பாகை. கூட்டினால் 177.8. அதாவது பூமியின் நேரெதிர்ப் பக்கத்துக்கு இரண்டே இரண்டு பாகைதான் குறைச்சல். அப்படியென்றால் மிகக் குறுகிய வழி எது? கிழக்கும் இல்லை, மேற்கும் இல்லை. நேரே வடக்கே ஏறி, வடதுருவத்தை ஒட்டிக் கடந்து, மறுபக்கம் தெற்கே இறங்குவதுதான்.

சிங்கப்பூர் வடக்கே 1.4 பாகை, அங்கிருந்து துருவம் 88.6 பாகை. நியூயார்க் 40.6, துருவத்திலிருந்து 49.4. மொத்தம் 138 பாகை. பூமியின் மேல் ஒரு பாகை சுமார் 111.2 கி.மீ. பெருக்கினால் 15,345. தளம் சொன்ன எண் வந்துவிட்டது.

முறையாகப் போடுவதென்றால் இரண்டு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்து சைன், கோசைன் போட்டுப் பெருவட்டத் தூரம் (உருண்டையின் மேல் இரண்டு ஊர்களுக்கு நடுவே மிகக் குறுகிய தூரம்) கண்டுபிடிப்பார்கள். அதிலும் 137.95 பாகைதான் வருகிறது. பூமி சரியான உருண்டை இல்லை (நிலநடுக்கோட்டில் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357) என்பதால் தளத்துக்குத் தளம் பத்துப் பதினைந்து கி.மீ. முன்னே பின்னே இருக்கும். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தளம் சொல்கிற 17 மணி நேரம் வெறும் வகுத்தல். 15,340-ஐ மணிக்கு 900 கி.மீ.யால் வகுத்தால் 17 மணி 3 நிமிடம். காற்று இல்லை, ஏற்றம் இறக்கம் இல்லை, ஓடுபாதையில் காத்திருப்பது இல்லை என்று வைத்துக்கொண்ட கணக்கு அது.

#4 – உலகம்சுற்றி

துருவம் வழியாவா? செயலியில பசிபிக் கடல் மேல போற மாதிரில்ல காட்டுது? வரைபடத்துல சிங்கப்பூர் ஒரு மூலை, நியூயார்க் ஒரு மூலை. நேர்கோடு போட்டா இந்தியா, ஆப்பிரிக்கா, அட்லாண்டிக்னு போகணும். புலி சார் கொஞ்சம் ஓவரா போறாரோ?

#5 – கணக்குப்புலி

தட்டை வரைபடத்தில் நேர்கோடு போட்டால் அப்படித்தான் தெரியும். நாம் பார்த்துப் பழகிய மெர்கேட்டர் வரைபடத்தில் மேலே போகப் போக எல்லாம் இழுத்து விரிக்கப்பட்டிருக்கிறது. 60 பாகை அட்சரேகையில் கிழக்கு மேற்காக ஒரு பாகை நகர்ந்தால், நிலநடுக்கோட்டில் நகர்வதில் பாதி தூரம்தான். துருவத்தில் அது பூஜ்யம். வரைபடமோ எல்லாவற்றையும் ஒரே அகலத்தில் காட்டும்.

வீட்டில் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்து இரண்டு ஊர்களுக்கும் நடுவே இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் சீனாவில் செங்டு பக்கம், பைக்கால் ஏரிக்கு மேற்கே சைபீரியா, துருவத்திலிருந்து 300 கி.மீ.க்குள், அப்புறம் கனடா, மாண்ட்ரியல் பக்கம் என்று இறங்கும். லண்டன் – லாஸ் ஏஞ்சலிஸ் நூல் கிரீன்லாந்து மேலே போவதும் இதனால்தான்.

#6 – மேகராசன்

புலி சொன்ன தூரம் சரி. ஆனால் விமானம் அந்த நூலின் மேல் போவது அபூர்வம். உலகம்சுற்றி செயலியில் பார்த்ததும் சரிதான்.

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் விமானம் வழக்கமாகப் பிலிப்பைன்ஸ், ஜப்பான் பக்கமாக ஏறி, வட பசிபிக்கைக் கடந்து, அலாஸ்கா அல்லது கனடா வழியாக நியூயார்க்குக்கு இறங்கும். நூல் வழியைவிட ஆயிரம் கி.மீ.க்கு மேல் அதிகம். அப்படியிருந்தும் அந்த வழியை எடுப்பதற்குக் காரணம் காற்று. நடு அட்சரேகைகளில், விமானம் பறக்கும் 10–12 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் ஓடுகிறது. குளிர்காலத்தில் ஜப்பானை ஒட்டி மணிக்கு 300 கி.மீ.யைக்கூடத் தாண்டும். அதில் ஏறிக்கொண்டால் தள்ளிக்கொண்டு போகும்.

கணக்குப் பாருங்கள். நூல் வழி, காற்றே இல்லை: 15,340 ÷ 900 = 17 மணி 3 நிமிடம். பசிபிக் வழி 16,500 கி.மீ., வழி முழுக்கச் சராசரியாக 60 கி.மீ. பின்காற்று: 16,500 ÷ 960 = 17 மணி 11 நிமிடம். 1,160 கி.மீ. கூடுதலாகப் பறந்தும் எட்டே நிமிடம்தான் வித்தியாசம். பின்காற்று 80 ஆனால் 16 மணி 50 நிமிடம், குறுக்கு வழியையே முந்திவிடும்.

எனக்கு இந்தத் தடத்தில் ரொம்பப் பிடித்தது திரும்பும் பயணம். மற்ற ஊர்களுக்குப் போகும்போது பின்காற்று கிடைத்தால் வரும்போது எதிர்காற்றுதான். இந்த இரண்டு ஊரும் கிட்டத்தட்ட உலகத்தின் எதிரெதிர்ப் பக்கம் என்பதால், நியூயார்க்கிலிருந்து வரும்போது அட்லாண்டிக், ஐரோப்பா என்று மறுபடியும் கிழக்கு நோக்கியே வரலாம். போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கு! இரண்டு பக்கமும் பயண நேரம் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு முறை போய் வந்தால் உலகத்தைச் சுற்றி வந்த கணக்கு.

#7 – சும்மாவந்தேன்

அம்மா உலகம் சுற்றும் அம்மாவா ஆகிடுவாங்கன்னு சொல்லுங்க.

#8 – உலகம்சுற்றி

ஒரே ஒரு டவுட். பூமி மேற்குல இருந்து கிழக்கா சுத்துது, நிலநடுக்கோட்டுல மணிக்கு 1,670 கி.மீ. வேகம். அப்போ மேற்கால பறந்தா ஊரே நம்மளை நோக்கி வரணுமே? கிழக்கால போறதுதான் லேட்டாகணும். நீங்க தலைகீழா சொல்றீங்க.

#9 – கணக்குப்புலி

ரன்வேயில் நிற்கும் விமானமும் அதே 1,670-ல் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. காற்று மண்டலமும் கூடவே சுற்றுகிறது. மேலே எழும்பியதும் அந்த வேகம் எங்கேயும் கழன்று போய்விடாது. நீங்கள் சொல்வது உண்மையானால் ஹெலிகாப்டரில் ஏறி ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் மிதந்துவிட்டு, கீழே வரும் வேறு நாட்டில் இறங்கிக்கொள்ளலாம். டிக்கெட்டே வேண்டாம்.

#10 – உலகம்சுற்றி

சரி, ஹெலிகாப்டர் கதை ஓகே. ஆனா 2016-ல ஏர் இந்தியா டில்லி – சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக்ல இருந்து பசிபிக் பக்கம் மாத்தினப்போ, பூமி சுத்துற திசையிலேயே பறக்கிறதால நேரம் மிச்சம்னு செய்தியிலேயே படிச்சேனே? அது பொய்யா?

#11 – மேகராசன்

வழி மாறியது உண்மை, நேரம் மிச்சமானதும் உண்மை. பசிபிக் வழி சுமார் 15,300 கி.மீ., பழைய அட்லாண்டிக் வழி 13,900. 1,400 கி.மீ. அதிகமாகப் போய் முன்னாடியே இறங்கியது. காரணம்தான் தப்பாக எழுதப்பட்டது. தள்ளியது காற்று.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு. அந்தக் காற்று கிழக்கு நோக்கி வீசுவதற்குப் பூமி சுற்றுவதும் ஒரு காரணம். வெப்ப மண்டலத்துக்கும் துருவத்துக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தால் மேலே காற்று துருவத்தை நோக்கி நகரப் பார்க்கும், பூமியின் சுழற்சி அதைக் கிழக்குப் பக்கம் திருப்பிவிடும். அதனால் சுழற்சிக்கும் பயண நேரத்துக்கும் சம்பந்தம் உண்டு, காற்றின் வழியாக மட்டும்.

நியூயார்க் – லண்டனைப் பாருங்கள், 5,540 கி.மீ. கிழக்கே போக ஏழு மணி நேரம் ஒட்டி, மேற்கே வர எட்டு. 2020 பிப்ரவரியில் கியாரா புயல் சமயம் ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 அந்தத் தூரத்தை 4 மணி 56 நிமிடத்தில் கடந்தது. தரையிலிருந்து பார்த்தால் மணிக்கு 1,300 கி.மீ.க்கு மேல்.

#12 – சும்மாவந்தேன்

1,300-ஆ? அது ஒலியைவிட வேகமாச்சே. ஜன்னல் எல்லாம் உடைஞ்சிருக்காதா?

#13 – மேகராசன்

உடையாது. விமானத்துக்குத் தெரிவது சுற்றியுள்ள காற்றை ஒப்பிட்ட வேகம் மட்டும். அது வழக்கமான 900 சொச்சம்தான். மீதி, காற்றே நகர்ந்துகொண்டிருந்த வேகம். உண்மையிலேயே ஒலியை மிஞ்சிப் பறந்த கான்கார்ட் இதே தடத்தை 1996-ல் 3 மணி நேரத்துக்குள் முடித்தது.

#14 – கணக்குப்புலி

காற்றைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு, பலருக்கு இது ஆச்சரியம். போகும்போது கிடைப்பதும் வரும்போது இழப்பதும் சமன் ஆகிவிடும் என்று நினைப்போம். ஆகாது. 6,000 கி.மீ. தூரம், விமான வேகம் 900, காற்று 100 என்று வையுங்கள். போகும்போது 1,000 வேகத்தில் 6 மணி. வரும்போது 800 வேகத்தில் ஏழரை மணி. மொத்தம் பதின்மூன்றரை. காற்றே இல்லாவிட்டால் 13 மணி 20 நிமிடம். எதிர்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறோம் என்பதால், போய் வரும் கணக்கில் நஷ்டம்தான் மிஞ்சும்.

#15 – ஜன்னல்சீட்டு

ஐயா, அருமையா இருக்கு. ஆனா அம்மாகிட்ட ஜெட் ஸ்ட்ரீம் பத்திச் சொன்னா பயணத்தையே வேணாம்னுடுவாங்க. டிக்கெட்ல இருக்கிற 18:40 எங்க இருந்து வந்துச்சு? அதை யாரும் சொல்லலையே.

#16 – டேக்ஸிவே

நான் சொல்றேன், விமான நிறுவனங்களோட அட்டவணை சம்பந்தப்பட்ட வேலைதான் பார்க்கிறேன்.

டிக்கெட்ல இருக்கிறது பறக்கிற நேரம் இல்லம்மா. கேட்ல இருந்து விமானம் பின்னாடி நகர ஆரம்பிச்ச நிமிஷத்துல இருந்து, அந்தப் பக்கம் கேட்ல வந்து நிக்கிற வரைக்கும். இடையில ரன்வே வரைக்கும் ஊர்ந்து போறது, வரிசையில நிக்கிறது, ஏறுறது, இறங்குறதுக்கு முன்னாடி வட்டமடிக்கிறது, இறங்கின பிறகு கேட் காலியாகிறவரை காத்திருக்கிறது எல்லாம் இருக்கு. ஜேஎஃப்கே மாதிரி நெரிசலான இடத்துல தரையிலேயே அரை மணி போறது சாதாரணம்.

அதுக்கு மேல நிறுவனம் கொஞ்சம் நேரத்தைச் சேர்த்துத்தான் போடும். காற்று தினமும் மாறும், பருவத்துக்குப் பருவம் மாறும். பெரும்பாலான நாள் சொன்ன நேரத்துக்கு வந்து சேர்ற மாதிரி ஒரு எண்ணைப் போடணும், இல்லைன்னா தாமதம்னு கணக்காகிடும். "இன்னைக்கு அரை மணி முன்னாடியே இறங்கிட்டோம்"னு விமானி சொல்றப்போ பாதி அந்தச் சேர்த்த நேரம்தான். :)

தினமும் வழியும் மாறும். அன்னன்னைக்குக் காற்று முன்கணிப்பை வெச்சு, எந்த வழியில நேரமும் எரிபொருளும் குறையுதுன்னு கணினி பல வழி போட்டுப் பார்க்கும். அதனால நேத்து 16,500-ன்னு பார்த்தீங்கன்னா நாளைக்கு 15,900-ஆ இருக்கலாம். அதுல அதிசயம் எதுவும் இல்லை.

#17 – நடுவழிநாடோடி

துருவம் வழியை ஏன் விட்டாங்கங்கிறதுக்குக் காற்று மட்டும் காரணம் இல்லையே. 2022-ல போர் ஆரம்பிச்ச பிறகு ரஷ்ய வான்வெளி பல நாட்டு விமானங்களுக்கு மூடிடுச்சு, வேற சில நிறுவனங்க தாங்களாவே தவிர்க்கிறாங்க. புலி போட்ட நூல் சைபீரியாவைத் தெற்குல இருந்து வடக்கா முழுசா வெட்டிட்டுப் போகுது. அங்க போகலைன்னா நூல் வழியே கிடையாது.

இதுல அதிகமா அடிபட்டது ஹெல்சின்கி – டோக்கியோ. முன்னாடி ஒன்பது மணி நேரம் ஒட்டிப் போயிட்டிருந்தது, இப்போ பதின்மூன்று மணி ஆகுது. ரெண்டு ஊரும் ஒரு அங்குலம்கூட நகரலை.

#18 – டேக்ஸிவே

ஆமாம். துருவப் பக்கம் வேற சிக்கலும் உண்டு. ஜெட் ஏ-1 எரிபொருள் மைனஸ் 47 டிகிரியில உறையும். வெளியே அதைவிடக் குளிர்ற நாள் உண்டு. தொட்டி வெப்பநிலையைப் பார்த்துக்கிட்டே இருக்கணும், தேவைப்பட்டா கீழே இறங்கணும் இல்ல வேகத்தைக் கூட்டணும். நிலநடுக்கோட்டுக்கு மேல நிக்கிற செயற்கைக்கோள்கள் துருவத்துப் பக்கத்துல கண்ணுக்கே எட்டாது, அங்க நீண்ட தூர ரேடியோவை நம்பணும். சூரியப் புயல் அடிச்சா அந்த ரேடியோவும் போயிடும். வழி திறந்தே இருந்தாலும் தினமும் போற வழி இல்லை.

#19 – மட்டுறுத்துநர்

போர், அரசியல் விவாதத்துக்கு வேறு பகுதி உள்ளது. இங்கே வான்வழி வரைக்கும் நிறுத்திக்கொள்ளவும். ஒரு பதிவு நீக்கப்பட்டது.

#20 – ஜன்னல்சீட்டு

நன்றி டேக்ஸிவே அண்ணா, இப்போ புரியுது. ஃபிராங்ஃபர்ட் பத்தியும் சொல்லிடுங்க. விலை நிறையக் குறையுது. தூரம் ரொம்ப அதிகமா?

#21 – கணக்குப்புலி

சிங்கப்பூர் – ஃபிராங்ஃபர்ட் சுமார் 10,300, ஃபிராங்ஃபர்ட் – நியூயார்க் சுமார் 6,200. மொத்தம் 16,500. வேடிக்கை என்னவென்றால், நேர் விமானம் பசிபிக் பக்கம் சுற்றிப் போகும் நாளில் அதுவும் கிட்டத்தட்ட இதே 16,500 கி.மீ.தான்! தூரத்தில் சுற்று என்றே சொல்ல முடியாது.

நேரம்தான் தனி. முதல் பாகம் பதின்மூன்றரை மணி ஒட்டி, இரண்டாவது எட்டரை முதல் ஒன்பது. இரண்டாவது பாகத்தில் அட்லாண்டிக்கை மேற்கு நோக்கிக் கடக்க வேண்டும், எதிர்காற்று. நடுவில் தரையில் இரண்டு மணி நேரமாவது. சேர்த்தால் 24 மணி நேரத்தை ஒட்டி வரும். நேர் விமானத்தைவிட ஐந்து மணி அதிகம்.

#22 – டேக்ஸிவே

விலை குறையுறதுக்குக் காரணம் வேற. நேர் விமானத்துல ஓடுற ஏர்பஸ் ஏ350-900 ரகத்தோட நீள்தூர வகையில எகானமி வகுப்பே கிடையாது. மொத்தமே 161 இருக்கை: பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. சாதாரண ஏ350-ல முந்நூறு பேர் வரை ஏத்தலாம். இதுல தொட்டி நிறைச்சா 1,65,000 லிட்டர், ஏறத்தாழ 130 டன். கிளம்பும்போது விமானத்தோட மொத்த எடை 280 டன். பாதிக்குக் கொஞ்சம் குறைவா எரிபொருள்தான். கடைசி மணி நேரத்துக்கான எரிபொருளைச் சுமக்கவே முன்னாடி எரிபொருள் எரியும். அப்போ ஆளைக் குறைச்சுத்தானே ஆகணும்.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸோட இந்தச் சேவை ஒரு தடவை நின்னே போச்சு. 2004-ல நாலு இன்ஜின் ஏ340-500 வெச்சு நியூயார்க் பக்கத்துல இருக்கிற நெவார்க்குக்கு ஆரம்பிச்சாங்க, எரிபொருள் செலவு கட்டுப்படி ஆகாம 2013-ல நிறுத்தினாங்க. ரெண்டு இன்ஜின் ஏ350 வந்த பிறகு 2018 அக்டோபர்ல மறுபடி ஆரம்பம். ஜேஎஃப்கே 2020 நவம்பர்ல இருந்து.

இன்னொன்னு பார்த்துக்கங்க. ஃபிராங்ஃபர்ட் போற சேவைக்கு ஒரே விமான எண்தான் இருக்கும், டிக்கெட்ல ஒரே விமானம் மாதிரி தெரியும். ஆனா அங்க இறங்கி மறுபடி ஏறணும்.

#23 – நடுவழிநாடோடி

அம்மா தனியா, 68 வயசு, நடுவுல இறங்கி ஏறணும்னா நான் நேர் விமானத்துக்குத்தான் ஓட்டு போடுவேன். சக்கர நாற்காலி உதவி முன்கூட்டியே கேட்டு வைங்க, எந்த வழின்னாலும். ஆனா பதினெட்டு மணி நேரம் ஒரே இருக்கைங்கிறது எல்லாருக்கும் ஒத்துவராது. கால்வீக்கம், ரத்தக் கட்டி பிரச்சினை ஏற்கெனவே இருந்தா டாக்டரைக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. ஓரத்து இருக்கை எடுங்க, எழுந்து நடக்க யாரையும் தாண்ட வேண்டியதில்லை. உங்க பேர்ல இருக்கிற சீட்டு வேண்டாம். :)

#24 – ஜன்னல்சீட்டு

ஹா ஹா, சரிங்க. மூட்டுவலி மட்டும்தான், டாக்டரைக் கேட்டுடறேன். நேர் விமானம்னே முடிவு பண்ணியாச்சு. கடைசியா, அந்த ஆறேமுக்கால் மணி நேரக் கதை?

#25 – கணக்குப்புலி

டிக்கெட்டில் புறப்பாடு சிங்கப்பூர் நேரம், வருகை நியூயார்க் நேரம். கோடையில் இரண்டுக்கும் சரியாக 12 மணி வித்தியாசம். 18:40-ல் 12 போனால் 6:40, நீங்கள் கழித்துப் பார்த்தது அதுதான். குளிர்காலத்தில் வித்தியாசம் 13 மணி. சிங்கப்பூர் கடிகாரத்தை மாற்றுவதில்லை, நியூயார்க் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் மாற்றும்.

திரும்பும்போது இதற்கு நேர்மாறு: நியூயார்க்கில் திங்கள் இரவு ஏறினால் சிங்கப்பூரில் புதன் காலைதான். கோடையில் திங்கள் இரவு 10 மணிக்குக் கிளம்பினால், 19 மணி நேரப் பயணம் என்று வையுங்கள், நியூயார்க் கணக்கில் செவ்வாய் மாலை 5. சிங்கப்பூரில் அப்போது புதன் காலை 5.

#26 – உலகம்சுற்றி

அப்போ பசிபிக் வழியா போனா தேதிக் கோட்டைத் தாண்டுறதுல ஒரு நாள் லாபம். திரும்பும்போது ஐரோப்பா வழியா வந்தா தேதிக் கோட்டையே தாண்டலை. அந்த லாபத்தை யாரும் திருப்பி வாங்க மாட்டாங்களா?

#27 – கணக்குப்புலி

நல்ல கேள்வி, ஆனால் லாபம் இல்லை. கிழக்கு நோக்கியே உலகத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்தால், வழியில் கடிகாரத்தை மணி மணியாக முன்னே தள்ளிக்கொண்டே வருகிறீர்கள். மொத்தம் 24 மணி. தேதிக் கோட்டில் கிடைத்த ஒரு நாள் அதில் கழிந்துவிடும்.

#28 – ஜன்னல்சீட்டு

அம்மாகிட்ட இப்படிச் சொல்லிட்டேன்: "காலையில ஏறுவீங்க, மத்தியானம், ராத்திரி ரெண்டு வேளையும் உள்ளேயே சாப்பிட்டுத் தூங்குவீங்க, இறங்கினா அதே நாள் சாயங்காலம், அக்கா வெளியே நிப்பா." அதுக்கு அம்மா கேட்டது: "அப்போ அந்த ராத்திரி எங்க போச்சு?" புலி சார், இதுக்கும் கணக்கு இருக்கா?

#29 – கணக்குப்புலி

இருக்கிறது. அவர் கிழக்கே, சூரியனுக்கு எதிர்த்திசையில் போகிறார். அதனால் ராத்திரி சீக்கிரம் வரும், சீக்கிரம் முடியும். ஜப்பான் தாண்டியதும் இருட்டும், கனடாப் பக்கம் மறுபடி விடியும். கோடையில் வடக்கே ராத்திரி ரொம்பக் குட்டை, இரண்டு மூன்று மணி நேரம்கூட இருக்காது. ஜன்னலை மூடித் தூங்கச் சொல்லுங்கள்.